ஆறு போல்ட் கல்யாணம்

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது வெர்னா ட்ரெஸ்காட் தன் வண்டியின் பின்னச்சைக் கழற்றிப் போட்டாள்.

கல்யாண உடுப்பு இன்னும் வாங்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் மணப்பெண்ணாகப் போகிறவள் என்னென்ன செய்யவேண்டும் என்று தபால் நிலையத்து ஐடா பெர்க்மன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தத் தாள், ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்கக் கீழே வைத்த பலகையின் மேல் கிரீஸ் கறையோடு கிடந்தது. அதில் பூ இருந்தது, மோதிரம் இருந்தது, தலைமுடி இருந்தது. அச்சு இல்லை.

வெர்னா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட்டு வராது. இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் கிணற்றடியில் தகரக் குடிசையில் தனியாக இருப்பவளுக்கு அதைச் சொல்ல யாரும் வாய்க்கவில்லை. மாடுகள் சொல்லவில்லை. காற்றாடி பம்பு சொல்லவில்லை.

அவள் வேலை தண்ணீர் பார்ப்பது. முல்காரி பண்ணையில் பதினாறு ஆழ்கிணறுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது, முப்பது கிலோமீட்டர் செம்மண். வாரத்தில் மூன்று நாள் நானூறு கிலோமீட்டர் சுற்றி வந்து, தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா, மிதவை ஒட்டிக்கொண்டதா, எந்த மாடு சேற்றில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாட்டியிருந்தால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். செத்திருந்தாலும் இழுக்க வேண்டும். காற்றாடிகளின் சத்தத்தை வைத்தே எதற்கு எண்ணெய் வற்றியிருக்கிறது என்று முக்கால் கிலோமீட்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

முதல் கல்யாணம் பதினோரு மாதம் ஓடியது. பம்புக்குத் தோல் வாஷர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போன கணவன் திரும்பவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் அனுப்புகிறான். "வாஷர் அனுப்பியிருந்தா மன்னிச்சிருப்பேன்" என்பாள் வெர்னா.

இரண்டாவதாக வந்து சேர்ந்தவர் க்ளெம் ஹாடோ. முல்காரி ஊரின் ஒரே பெட்ரோல் பங்கு, ஒரே சாப்பாட்டுக் கடை, நான்கு அறை உள்ள ஒரே விடுதி, எல்லாம் அவர் கடைதான். அறுபத்து மூன்று வயது, ஒட்டகக்கறி வைத்துச் சுட்ட பை அப்பம், ஓயாத வாய். யாராவது எதிரில் இருந்தால்தான் அவருக்கு மூச்சே வரும். யாரும் இல்லையென்றால் குளிர்பெட்டியோடு பேசுவார். போன ஏப்ரலில் வெர்னா டீசல் போட வந்தபோது, குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே, "வெர்னா, நீ என்னைக் கட்டிக்கிறியா, இல்ல இந்த வாரமும் வெறும் டீசல்தானா?" என்று கேட்டார்.

"ரெண்டும் போடு" என்றாள் வெர்னா.

அதுவரை எல்லாம் சுலபம். யார் வீட்டில் குடியிருப்பது என்பதில்தான் வண்டி மண்ணில் இறங்கியது.

ஒருமுறை காய்ச்சலில் க்ளெமின் நான்காம் நம்பர் அறையில் மூன்று ராத்திரி படுத்திருந்தாள் வெர்னா. சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் அறை மோட்டார் இரைச்சல். சன்னலுக்கு வெளியே சுற்றுலா வந்தவர்கள் ரோடு எப்படி, ரோடு எப்படி என்று ஓயாமல் கேட்டார்கள். மூன்று ராத்திரியும் கண் மூடவில்லை. நான்காம் நாள் காய்ச்சலோடு கிளம்பி வந்து, தன் காற்றாடி கிறீச்சிட்ட இரண்டாம் நிமிடம் தூங்கிப்போனாள். க்ளெமுக்கோ ஒன்பதாம் கிணற்றில் ஒரு மத்தியானம் போதும். "வெர்னா, இங்க என் காதுக்குள்ள என் காதே கேக்குது" என்று எழுந்து ஓடினார்.

மூன்று வாரம் சண்டை நடந்தது. கல்யாணம் நடத்தி வைக்க அரசாங்க அனுமதி உள்ளவளும் ஐடாதான் என்பதால், கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள்.

"பிஷப் முடிவு பண்ணட்டும்."

பிஷப் என்பது ஊருக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரில் நிற்கும் மணல்மேடு. செங்கல் பொடியைக் குவித்து வானத்துக்கு முட்டுக் கொடுத்தது போல இருக்கும். அதன் முன்னால் எல்லா வண்டியும் மூக்கைத் தாழ்த்துவதால் அந்தப் பேர். முல்காரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளில் ஒரு வண்டிக்கு மூன்று ஏற்றம்தான். நான்காவதாக முயன்றால் மணலைக் கடைந்து, பின்னால் வருபவனுக்கும் வழி இல்லாமல் ஆக்கிவிடுவாய். மூன்றில் ஏறாதவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். ஊர்த் தலைவராக இருந்தாலும் அப்படித்தான்.

"கல்யாணம் மேட்டு உச்சியில. நாலு மணிக்கு. அதுக்குள்ள வெர்னா அவ வண்டிய அவளே ஓட்டி மூணு தடவைக்குள்ள ஏத்திட்டா, க்ளெம் ஒன்பதாம் கிணத்துக்குக் குடி போறான். ஏத்தலைன்னா வெர்னா கடைக்கு வந்துடணும்" என்றாள் ஐடா.

க்ளெம் உடனே கை நீட்டினார். எட்டு வருடமாக வெர்னாவின் வண்டி பிஷப்பின் தொப்புளுக்கு மேல் ஏறியதே இல்லை. அது ஊருக்கே தெரியும். வெர்னாவும் கை கொடுத்தாள். ஏன் ஏறவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

காரணம் அகலம். அந்த வகை வண்டியில் முன் சக்கரங்களைவிடப் பின் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கும், பக்கத்துக்கு இரண்டு அங்குலம். தார் ரோட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மணலில் முன் சக்கரம் வெட்டிய தடத்தில் பின் சக்கரம் விழவேண்டும். விழாமல் தனக்குத் தனித் தடம் வெட்டினால், இரண்டு கோட்டுக்குப் பதில் நான்கு கோடு உழவேண்டும். "எட்டு வருஷமா நான் மேடு ஏறல, ஏர் ஓட்டிக்கிட்டிருந்தேன்" என்று லைல் பாஸ்கோவிடம் சொன்னாள்.

லைல் பண்ணையின் வெல்டர். நாற்பது வயது, நாற்பது வருடமும் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போன்ற முகம். எல்லாவற்றுக்கும் ஒரு சுலப வழி வைத்திருப்பான்.

"ரெண்டு அங்குல ஸ்பேசர் வளையம் வாங்கிப் பின்னாடி ரெண்டு பக்கமும் மாட்டிடு. அரை மணி நேர வேலை. அப்புறம் பீர்."

"ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல ஒரு தரகனா? போல்ட்ட நம்பி இன்னொரு போல்ட்டா? பேரிங் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"அச்சையே மாத்தப் போறேன்."

லைல் வெல்டிங் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அதுதான் அவன் சம்மதம்.

பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் எஞ்சின் போன பழைய தீயணைப்பு வண்டி ஒன்று கிடந்தது. வெர்னாவின் வண்டிக்கு அண்ணன் முறை. அதே கம்பெனி, வயதிலும் உடம்பிலும் மூத்தது. அதன் பின்னச்சை டேப் வைத்து மூன்று தடவை அளந்தாள். தன் முன்னச்சின் அகலத்துக்கு நூல் பிடித்தது போல் பொருந்தியது. கியர் விகிதமும் பொருந்த வேண்டும். முன்னச்சு ஒரு வேகத்திலும் பின்னச்சு ஒரு வேகத்திலும் சுற்றினால் வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டும். ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு மறு சக்கரத்தைத் தூக்கி, ஷாஃப்டில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று லைல் எண்ணினான்.

"நாலு... நாலும் கொஞ்சமும்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஒரு பிஸ்கட் அளவு."

தன் வண்டியிலும் அதே போல எண்ணினார்கள். நாலும் ஒரு பிஸ்கட்டும். வெர்னா எழுந்து நின்று, ஒரு கையில் சுண்ணாம்புக்கட்டியும் ஒரு கையில் சுத்தியலுமாக ஆடினாள். அந்த ஆட்டத்தில் இரண்டு கொக்கட்டூக் கிளிகள் கொட்டகைக் கூரையை விட்டுப் பறந்தன.

பதினெட்டு நாளில் பதினைந்து நாள் அந்த வேலைக்கே போயிற்று. பண்ணை லாரியில் போய்க் கிணறுகளைப் பார்த்துவிட்டு வந்து மதியத்துக்கு மேல் தொடங்குவார்கள். பட்டை ஸ்பிரிங் உட்காரும் மேடைகள் புது அச்சில் வேறு இடத்தில் இருந்தன. அவற்றை வெட்டி எடுத்து, சரிவு பார்த்து மறுபடி ஒட்ட வேண்டும். சரிவு ஒரு மயிரிழை தப்பினாலும் ஷாஃப்ட் உதறும். லைல் வெல்டிங் பற்றவைக்கும்போது பாதி தூக்கத்தில் இருப்பவன் மாதிரிதான் தெரிவான். ஆனால் அவன் போட்ட ஒட்டு, மீன் செதில் அடுக்கியது போல இருக்கும். பிரேக் குழாயை நீட்டினார்கள். கை பிரேக் கம்பி இரண்டு விரல் குட்டையாக இருந்ததற்கு வெர்னா அரை நாள் திட்டினாள். முல்காரியில் அதுவரை யாரும் கேட்டிராத சொற்கள் அன்று புதிதாகப் பிறந்தன.

பிறகுதான் போல்ட் விவகாரம். அண்ணன் வண்டியின் ஹப்பில் ஆறு போல்ட். தம்பி வண்டியில் ஐந்து. பின்னால் ஆறு, முன்னால் ஐந்து என்று விட்டால் எந்தச் சக்கரத்தையும் முன்பின் மாற்ற முடியாது. கிணற்றுக்கு நடுவில் பஞ்சரானால் எந்த ஸ்டெப்னி எந்தப் பக்கம் என்று குறி சொல்பவனிடம்தான் கேட்கவேண்டும்.

"ஒரு வண்டி, ஒரு கணக்கு. எல்லாம் ஆறு" என்றாள் வெர்னா.

அண்ணனின் முன் ஹப்புகளையும் டிஸ்க்குகளையும் கழற்றி வந்து மாட்டினார்கள். பேரிங்குக்கெல்லாம் புது கிரீஸ் திணித்தார்கள். நான்கு ஆறு-ஓட்டைச் சக்கரங்களையும் துரு சுரண்டி வெள்ளையடித்தாள். கல்யாண உடுப்பு வாங்க வைத்திருந்த நாள் அதில் போயிற்று. ஐடாதான் தன் பச்சைக் கவுனைக் கொண்டுவந்து, இடுப்பில் ஊக்கு குத்தி, "மூச்சு இழுக்காத வரைக்கும் நல்லாருக்கு" என்றாள்.

வேலை முடிந்த அன்று வெர்னா வறண்ட ஆற்று மணலில் வண்டியை ஓட்டிப் பார்த்தாள். ஐம்பது அடி போய், நிறுத்தி, இறங்கி, பின்னால் நடந்து வந்து பார்த்தாள்.

இரண்டே கோடு.

"லைல்! ரெண்டு! ரெண்டே ரெண்டு! நாலு இல்லடா, ரெண்டு!"

"எனக்கு எண்ணத் தெரியும் வெர்னா."

"திரும்ப எண்ணு!"

லைல் எண்ணினான். அப்போதும் இரண்டுதான். வெர்னா அந்தக் கோடுகளின் நடுவே வீட்டு நாய் மாதிரி இங்கும் அங்கும் ஓடினாள்.

கல்யாண நாள், அங்கே குளிர்காலமான ஜூலையில், கண்ணாடி போல விடிந்தது. மதியத்துக்கெல்லாம் பிஷப்பின் அடியில் நாற்பது வண்டிகள் கூடிவிட்டன. முல்காரி மொத்தமும் அங்கே இருந்தது. சுற்றுலா வந்த ஒரு ஜெர்மன் தம்பதியும் தங்கள் ராட்சத லாரியோடு வந்து, யாரும் அழைக்காமலேயே முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மடக்கு மேசையில் பை தட்டுகள், தக்காளி சாஸ், ஈக்கள். க்ளெம் காலையிலேயே தன் மஞ்சள் வண்டியை உச்சிக்கு ஏற்றிவிட்டு, சாம்பல் கோட்டும் புது ஷூவுமாக மேலே நின்று தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தார். கீழே ஐடா ஒலிபெருக்கியோடு நடுவர்.

"வெர்னா ட்ரெஸ்காட்! முதல் ஏற்றம்!"

டயரில் இருபது பவுண்டு காற்று. வெர்னா பச்சைக் கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பூட்ஸ் காலால் மிதித்தாள். வண்டி கிளம்பிய வேகத்தில் தொப்புளைத் தாண்டியது. எட்டு வருடத்து எல்லை பின்னால் போனது. கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு கோடு, கொடியில் காயும் ரிப்பன் மாதிரி. அந்தச் சந்தோஷத்திலேயே மூச்சை இழுத்தாள். ஒரு ஊக்கு தெறித்தது. முக்கால் மேட்டில் வேகம் செத்து நின்றது.

நேராகப் பின்னால் இறங்கினாள். கீழே கூட்டம் ஊளையிட்டது.

"காத்து அதிகம்" என்றான் லைல்.

"எனக்கா, டயருக்கா?"

பன்னிரண்டு பவுண்டுக்கு இறக்கினார்கள். டயர்கள் சாப்பிட்ட பூனை போலப் படுத்தன. இரண்டாம் ஏற்றம். இந்த முறை வண்டி மணலை உழவில்லை. மணல் அதை மேலே கை மாற்றிக்கொண்டே போனது. முகப்புக்கு மேலே வானம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு வானத்தின் ஓரத்தில் க்ளெமின் தொப்பி. பிறகு க்ளெமின் மீசை. இன்னும் பத்தடி.

அந்த மீசை கவலையில் துடிப்பதைப் பார்த்ததும் வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் கால் அரை நொடி தளர்ந்தது. வண்டி நின்றுவிட்டது.

மேட்டில் நின்றுபோனால் ஸ்டீயரிங்கைத் திருப்பக்கூடாது, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கவேண்டும். அது பிஷப்பின் முதல் பாடம். எட்டு வருடமாக அவளே எல்லாருக்கும் சொல்லிவந்தது. ஆனால் அவள் கண் மீசையிலேயே இருந்தது. கை ஒரு அங்குலம் அசைந்தது. வண்டி பக்கவாட்டில் சறுக்கி, நண்டு போல இறங்கி, அடிவாரத்துக்கு வந்தபோது பின் இடது டயர் ரிம்மிலிருந்து வாய் பிளந்திருந்தது. மணலுக்குள் ஒளிந்திருந்த ஒரு முல்கா மர வேர் அதன் பக்கச் சுவரை ஒரு முழத்துக்குக் கிழித்திருந்தது.

"பரவாயில்ல, ஸ்டெப்னி இருக்கு" என்றான் லைல். வண்டியின் பின்தட்டுக்கு அடியில் ஊர்ந்துபோய்ச் சங்கிலியை இறக்கி, செம்மண் அப்பிய ஸ்டெப்னியை உருட்டி வந்து, மணலில் மல்லாக்கப் போட்டான்.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

லைல் விரல் வைத்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபக்கமிருந்து எண்ணினான். ஐந்துதான்.

"நீ மாத்துனேன்னு நெனச்சேன்" என்றான்.

"நீ மாத்துனேன்னு நான் நெனச்சேன்."

"அந்தத் தீயணைப்பு வண்டியில ஸ்டெப்னியே இல்லையே."

"அப்ப நீ எப்படி மாத்தியிருப்பே?"

"அதான், நீ மாத்துனேன்னு நெனச்சேன்."

பதினைந்து நாள். மயிரிழைச் சரிவு. பிஸ்கட் அளவு கணக்கு. மண்ணைத் தொடும் ஒவ்வொரு பாகத்தையும் ஆறாக்கியவர்கள், மண்ணைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஐந்து ஓட்டைச் சக்கரத்தைத் தூக்கி ஹப்புக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பார்த்தார்கள். மரியாதையாகக் கேட்டால் ஒருவேளை இடம் கொடுக்குமோ என்று. கொடுக்கவில்லை.

மணி மூன்றரை. ஊருக்குப் போய் வர நேரமில்லை. லைல் ஐடாவின் ஒலிபெருக்கியைப் பிடுங்கினான்.

"ஆறு போல்ட் யாரு வண்டில இருக்கு? ஆறு!"

"அஞ்சு!" என்றது ஒரு குரல்.

"எனக்கும் அஞ்சு!"

"அஞ்சுதான் மாப்ள!"

"எட்டு!" என்று ஜெர்மன்காரர் எழுந்து நின்று பெருமையோடு சொன்னார்.

"உக்காருய்யா!"

ஒவ்வொரு வண்டியாகக் கேட்டு முடிந்தது. நாற்பதிலும் ஒரு ஆறு இல்லை. வெர்னாவுக்கு இது கேட்காமலேயே தெரியும். அந்த வட்டாரத்தில் யார் வண்டிக்கு எத்தனை போல்ட் என்பது, யார் வீட்டில் எத்தனை நாய் என்பதைப் போல அவளுக்கு மனப்பாடம். ஆறு போல்ட் ஓடும் வண்டி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது மஞ்சள் நிறம். உச்சியில் நின்றது.

லைலின் கண் மெதுவாக மேலே போனது. அதைப் பார்த்து ஐடாவின் கண். பிறகு ஊரின் கண் மொத்தமும்.

"கேக்காதே" என்றாள் வெர்னா.

"வெர்னா..."

"கேட்டே, உன் வெல்டிங் மிஷின கிணத்துல போட்டுடுவேன். தோத்தா தோத்துட்டுப் போறேன். அந்தாளுகிட்ட பிச்சை எடுத்து அந்தாளையே ஜெயிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, நான்காம் நம்பர் அறையின் மோட்டார் அவள் மண்டைக்குள் அப்போதே ஓட ஆரம்பித்தது. இனி ஆயுசு முழுக்க அது. காற்றாடியின் கிறீச் இல்லாத ராத்திரிகள். ரோடு எப்படி, ரோடு எப்படி.

மேலேயிருந்து க்ளெமின் குரல் வந்தது. "எல்லாரும் ஏன் என்னையே பாக்குறீங்க? பேண்ட் ஜிப் போடலையா?"

ஐடா ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் நடுவர், யார் பக்கமும் சேரமுடியாது. உள்ளதைச் சொல்வது மட்டும் தப்பில்லை.

"வெர்னாவோட டயர் கிழிஞ்சிருச்சு. ஸ்டெப்னி அஞ்சு போல்ட். வண்டி ஆறு."

மேலே தொப்பி நின்றது. மீசை நின்றது. பிறகு, "ஸ்டெப்னிய மாத்தலையா!" என்று க்ளெம் சிரித்த சிரிப்பில் உச்சியிலிருந்து கொஞ்சம் மணல் சரிந்தது.

"சிரிக்காதய்யா கிழவா!" என்று வெர்னா கத்தினாள்.

"ஐடா! நான் என் ஸ்டெப்னிய குடுக்கலேன்னா நான் ஜெயிச்சுட்டேன்தானே?"

"ஆமா!"

"குடுத்தா?"

"இன்னும் ஒரு ஏத்தம் பாக்கி இருக்கு! அவ ஏறிடுவான்னு நெனக்கிறேன்!"

க்ளெம் மணலில் உட்கார்ந்துவிட்டார். அடிவாரத்தில் ஈக்கள் மட்டும் பையைச் சுற்றின. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் உட்கார்ந்தது யோசிக்க அல்ல, புது ஷூவைக் கழற்ற. வெறுங்காலோடு எழுந்து மஞ்சள் வண்டியின் பின்பக்கம் போனார். ஸ்பானர் சத்தம் இறங்கி வந்தது.

"ஏன்யா?" என்று வெர்னா கீழிருந்து கத்தினாள்.

"ஏய், மூணு ராத்திரி நாலாம் நம்பர் ரூம்ல நீ தூங்காம எழுந்து வந்த மூஞ்சிய நான் பாத்திருக்கேன்! ஆயுசு பூரா தினம் காலையில அந்த மூஞ்சிக்கு என்னால டீ போட முடியாது!"

சொல்லிவிட்டுச் சக்கரத்தை விளிம்புக்கு உருட்டி வந்து, நிதானமாக இறக்கத்தான் பார்த்தார். நிதானம் அவர் கையில் இல்லை. சக்கரம் அவரைவிட்டுக் கழன்று, பிஷப்பின் நெற்றியிலிருந்து புறப்பட்டது.

முதலில் மெதுவாக வந்தது. பிறகு பறந்தது. தொப்புளில் ஒரு குதி, அடிவயிற்றில் ஒரு குதி. ஊர் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பை மேசையின் காலை ஒரு சாண் இடைவெளியில் தாண்டி, ஜெர்மன்காரரின் காலி நாற்காலியைத் தட்டிவிட்டு, பின்னாலிருந்த களிமண் வெளியில் இறங்கி, சுதந்திரம் கிடைத்தது போல மேற்கே ஓடியது.

"பிடி! பிடி! வெர்னாவோட வீடு ஓடுது, பிடி!" என்று லைல் கத்தினான். அவன் விழித்திருந்ததை ஊர் முதல்முறையாகப் பார்த்தது.

முல்காரி மொத்தமும் கல்யாணத் துணியோடு அதைத் துரத்தியது. நாய்கள், குதிகால் செருப்புகளைக் கையில் பிடித்த பெண்கள், டை தோளுக்குப் போன ஆண்கள், ஒலிபெருக்கியிலேயே மூச்சு வாங்கியபடி ஐடா. வெர்னாவும் ஓடினாள். மிச்சமிருந்த ஊக்குகள் ஒவ்வொன்றாகத் தெறிக்க, சிரித்துச் சிரித்து விலா பிடிக்க ஓடினாள். கடைசியில் அதன் மேல் பாய்ந்து கட்டிப்பிடித்தவர் ஜெர்மன்காரர். மல்லாந்து கிடந்தபடியே எண்ணி, "ஆறு!" என்று அறிவித்தார்.

சக்கரத்தை மாட்டினார்கள். ஆறு நட்டும் வரிசையாக உட்கார்ந்தன. வெள்ளைச் சக்கரம் மூன்று, மஞ்சள் ஒன்று.

"உயரம் ஒரு விரல் கம்மி. லேசா நொண்டும்" என்றான் லைல்.

"எனக்கும்தான் நொண்டும்."

மணி நாலாக எட்டு நிமிடம். மூன்றாம் ஏற்றம். கடைசி.

வெர்னா கவுனை ஒரு கயிற்றால் இடுப்போடு கட்டிக்கொண்டு கிளம்பினாள். தொப்புள் போயிற்று. முக்கால் போயிற்று. வண்டி லேசாக நொண்டிக்கொண்டே, ஆனால் இரண்டே கோட்டில், மேலே மேலே போனது. அப்போது ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். யாருக்கும் தெரியாது. கிழவனுக்கு அவன் கடை, அவன் வாய், அவன் கூட்டம் எல்லாம் மிஞ்சும். அவர் விட்டுக்கொடுத்தார், நாமும் கொடுத்தால் என்ன?

அரை நொடிதான். ஊரையே ஓடவிட்டுப் பிடித்த சக்கரத்தை மாட்டிக்கொண்டு வேண்டுமென்றே தோற்பதா? அதைவிடப் பெரிய அவமரியாதை அந்த மனுஷனுக்கு உண்டா? வெர்னா மிதியைத் தரையோடு அழுத்தினாள். முகப்பில் வானம், தொப்பி, மீசை. பிறகு மீசை அலறிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. நான்கு சக்கரமும் ஒரு கணம் எதையும் தொடவில்லை. வண்டி உச்சியில் தொம்மென்று உட்கார்ந்து, இருமி, அணைந்தது.

கீழே நாற்பது ஹாரன்களும் ஒரே நேரத்தில் கதறின.

க்ளெம் மணலிலிருந்து எழுந்து வந்தார். காதிலும் மீசையிலும் மணல், வெறுங்கால், தலையில் தொப்பி இல்லை. வெர்னா கதவைத் திறந்தாள். அவர் கையைப் பிடித்து இறக்கினார். க்ளெம் ஹாடோ முழுசாக ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

ஐடா நடந்தே மேலேறி வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. அதனால் கல்யாணம் சுருக்கமாக நடந்தது. அவளுக்கு மூச்சு இருந்தது நான்கு வாக்கியத்துக்குத்தான்.

எல்லாரும் கட்டிப்பிடித்து, கை குலுக்கி, பை தின்று, சரிவில் உருண்டு முடித்த பிறகு, வெர்னா வண்டியைக் கிளப்பினாள். க்ளெம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மடியில் ஷூவை வைத்துக்கொண்டார். மேடு இறங்கி, பண்ணைத் தடத்தில் திரும்பி, கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"உன் வீட்டு அடுப்புல எத்தனை பர்னர்?"

"ரெண்டு."

"ரெண்டா! ரெண்ட வச்சு மனுஷன் என்ன சமைக்கிறது?"

"ஒண்ணுதான். இன்னொண்ணு பத்திக்காது."

க்ளெம் ஜன்னல் பக்கம் திரும்பி, யாரும் இல்லாத செம்மண்ணிடம் முறையிட ஆரம்பித்தார். அந்த அடுப்பைப் பற்றி, அதை விற்றவனைப் பற்றி, அதை வாங்கியவளின் அறிவைப் பற்றி. வெர்னா நொண்டும் வண்டியை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்பதாம் கிணறு வர இன்னும் அறுபது கிலோமீட்டர் இருந்தது. அவர் இன்னும் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை.